நனைந்த வேட்டி

மாமனார் வேலப்பனின் மூச்சு அடங்கிய அன்று கன்னியம்மா புருஷனிடம் கேட்ட கேள்விக்கு, கருமாதி நாள் வந்த பிறகும் பதில் வரவில்லை.

“உன் ஒடம்புல இன்னாய்யா சீக்கு? எனுக்கும் ஒட்டிக்குமா, அத்தயாவது சொல்லு.”

கிருஷ்ணப்பன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியார் கெங்கம்மா அலறிவிட்டாள். அதற்கப்புறம் பாடை, பந்தல், வந்த சனத்துக்குச் சோறு. கேள்வி அப்படியே அடுப்போரம் ஒதுங்கிக்கொண்டது.

சீக்கு என்று அவள் நினைத்ததில் தப்பென்ன? போன ஆவணியில் ரங்கூன் கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதலாய் அந்த மனுஷன் பெண்டாட்டி பக்கத்தில் படுத்ததில்லை. திருவொற்றியூர்க் குப்பத்தில் ஆம்பிளை என்றால் வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு படகில் தாவுகிறவன். இவனோ கணுக்கால் வரை தழையத் தழையக் கட்டிக்கொண்டு, காலடிப்பேட்டையில் ஒரு மண்டிக்காரரின் மூட்டைகளுக்குக் காவல் உட்கார்ந்தான். குளிப்பது ஊர் விழிக்குமுன். ‘ரங்கூன் தொர’ என்று குப்பத்தில் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தக் கப்பலில் அவன் ஒண்டியாகத்தான் வந்தான். கன்னியம்மாவின் தம்பி வரதன் வரவில்லை.

கோடையில் ரங்கூன் துறைமுகத்தில் பர்மாக்காரர்கள் நம் சனத்தை வெட்டுகிறார்கள் என்று சேதி வந்ததிலிருந்து குப்பமே தலையில் அடித்துக்கொண்டிருந்த நேரம். புருஷன் முழுசாய் வந்து நின்றதும் அவள் ஓடிப்போய்க் கேட்டது தம்பியைத்தான்.

“மோல்மீன்னு இன்னொரு ஊருல மர வேல கெட்ச்சிது. அங்க பூட்டான். அடுத்த வருசம் வருவான்,” என்றான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். அதோடு சரி.

வரதனின் பெண்டாட்டி வேம்பு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பூவும் பொட்டுமாய் நாத்தனார் வீட்டிலேயே இருக்கிறாள்.

கருமாதியன்று காலை. வேம்பு உளுந்து ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

“அண்ணி, அண்ணனுக்கு உருமா யாரு கட்டப் போறாங்க?”

“பக்தவச்சலம் கட்டுவான். என் பெரிம்மா புள்ள. அவனும் எனுக்குத் தம்பிதானே?”

“தம்பிதான். ஆனா என் ஊட்டுக்காரு உசுரோட கீறசொல்ல அவுரு கட்டலாமா?”

அரிசி களைந்துகொண்டிருந்த கன்னியம்மாவின் கை நின்றது.

அப்பன் கருமாதியில் மூத்த பிள்ளை கடலில் முழுகி எழுந்ததும், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் கோடி வேட்டி கொடுத்து, தலையில் உருமால் கட்டிவிட வேண்டும். இனிமேல் இந்த வீட்டுக்கு நீதான் பெரியவன் என்று ஊர் முன்னால் சொல்கிற முறை அது. கூடப்பிறந்தவன் இருக்கும்போதே வேறொருத்தன் கட்டினால், அவன் இல்லை என்று வீட்டாரே ஒப்புக்கொண்ட மாதிரி என்று குப்பத்தில் ஒரு பேச்சு உண்டு.

“தூர தேசத்துல கீறவன் இன்னா பண்ணுவான்? சொப்பனத்துல வந்தா கட்டுவான்?”

“கோச்சிக்காத அண்ணி. சும்மா கேட்டேன்.”

“கேக்கட்டும் உடு,” என்றாள் மூலையிலிருந்த கெங்கம்மா. அவள் நெற்றி வெறுமையாய் இருந்தது. “நாளைக்கு இவ நெத்தியயும் என்னுது மாரி தொடச்சி உட்டா, யாரு பதில் சொல்றது?”

“நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பெரிம்மா?” என்று வேம்பு பதறினாள்.

“கருமாதியில ஏதுடி நல்ல நாளு?”

கன்னியம்மா பேச்சை வளர்க்கவில்லை. உள்ளுக்குள் அவளுக்கு ஒரு முள் உண்டு. வரதனை ரங்கூனுக்குத் துரத்தியவள் அவள்தான். பிள்ளை தியாகு காய்ச்சலில் போன பிறகும் கிருஷ்ணப்பன் ஊர் திரும்பவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாகச் சேதியும் இல்லை. ‘நீ போயி மாமாவ இஸ்துகினு வாடா,’ என்று தம்பியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“கண்ணாலம் கட்டி ஆறு மாசம் ஆவல, எனுக்கு இன்னாத்துக்குக்கா ரங்கூனு?” என்று வரதன் சிணுங்கினான். சிணுங்கிக்கொண்டேதான் கப்பல் ஏறினான்.

வேம்புவை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கன்னியம்மா மற்றப் பெண்களோடு கரைக்குப் போனாள்.

மணலில் வாழையிலை போட்டு, பிண்டம் உருட்டி வைத்திருந்தார்கள். கிருஷ்ணப்பனுக்குத் தலை மழித்தாகிவிட்டது. பங்காளிகளில் மூத்தவர் சுப்பராயன், குரலாலேயே படகு தள்ளுகிறவர்.

“இன்னும் இன்னாடா குந்திகினு கீற? போய் முழுகிட்டு வா.”

“கொடத்துல மொண்டு ஊத்திடுங்க பெரிப்பா. அது போதும்.”

“இன்னாது?”

“சளி புட்ச்சிகினு கீது.”

“டேய், எதிர்ல அம்மாம் பெரிய கடல் கீது, உனுக்குக் கொடத்துத் தண்ணியா? ஒங்க நைனா பொறந்தது, பொழச்சது, எல்லாம் இந்தத் தண்ணியிலதான். கடைசியா ஒரு முழுக்கு போட வலிக்குதா?”

“தொரைக்கு வெந்நி வெச்சுக் குடுங்கப்பா,” என்று யாரோ கூட்டத்திலிருந்து சொன்னார்கள். கருமாதி என்பதையும் மறந்து நாலு பேர் சிரித்தார்கள்.

கிருஷ்ணப்பன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ கெஞ்சுகிற பார்வை. கன்னியம்மாவுக்கு எரிச்சல்தான் வந்தது. பெற்ற பிள்ளைக்குத்தான் அழவில்லை, பெற்ற அப்பனுக்கு முழுகவுமா மாட்டான்?

“போய்யா,” என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. “மானத்த வாங்காத.”

அவன் போனான்.

அலைக்குள் நடந்து, கழுத்தளவு தண்ணீரில் முழுகினான். முழுகியவன் எழுந்து வராமல் அங்கேயே நின்றான். சுப்பராயன் இரண்டு தடவை கத்தினார். பெரிய அலை ஒன்று பின்னாலிருந்து தள்ள, தடுமாறிக் கரைக்கு வந்து விழுந்து எழுந்தான்.

சன்ன நூல் வேட்டி. உப்புத் தண்ணீர் குடித்து இடுப்போடும் தொடையோடும் அப்பிக்கொண்டது.

முதலில் வாய் திறந்தது மீன்கூடை சுமக்கிற பிலோமிதான்.

“யம்மாடி! கன்னிம்மா, ஒன் ஊட்டுக்காரு இன்னா, உள்ள கறுப்பு நிஜாரு போட்டுகினு முழுவுறாரு?”

எல்லோரும் பார்த்தார்கள். ஈர வெள்ளைக்கு அடியில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை கறுத்துக் கிடந்தது. அவன் இரண்டு கையாலும் வேட்டியை இழுத்தான். இழுக்க இழுக்க ஒட்டியது. காற்று ஒரு பக்கத்து மடிப்பைத் தூக்கிவிட்டது.

நிஜார் இல்லை. தோல்.

இடம் விடாமல் நீலக் கறுப்பு. வட்டம் வட்டமாய்க் கோடு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு மிருகம். வால் சுழற்றிய புலி, பூனை, குரங்கு. பெயர் தெரியாததும் நாலைந்து.

“பச்ச குத்திகீறான்டா!”

“இதுவா பச்ச? ஆளயே மையில முக்கி எட்த்தா மாரி கீது!”

“பர்மாக்காரன் குத்திக்கிறது இது. கப்பல்ல போவசொல்ல நான் பாத்துகீறேன்,” என்றான் ஒருவன்.

“நம்ம ஆளு இன்னாத்துக்குக் குத்திகினான்?”

“அங்க பொண்ணு கட்டணும்னா குத்தித்தான் ஆவணுமாம். அதான்யா சூட்சுமம்!”

பெண்கள் கன்னியம்மாவின் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காததுமாய் முந்தானையைக் கடித்தார்கள். சீக்கு என்று நினைத்தாளே, சீக்காகவே இருந்திருக்கக் கூடாதா?

பக்தவச்சலம் கோடி வேட்டியும் உருமாலும் வைத்த தட்டோடு முன்னால் வந்தான். நல்ல பிள்ளை. எதையும் பார்க்காத மாதிரி, “மச்சான், குனி,” என்றான்.

கிருஷ்ணப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வோணாம் மச்சான். கட்டாத.”

“இன்னாடா இது புதுசா?” என்று சுப்பராயன் சீறினார். “வரதன் கீறான், அதனால இவன் கட்டக் கூடாதுன்றியா?”

கிருஷ்ணப்பன் தட்டை அப்பால் நகர்த்தினான்.

“வாயத் தொறந்து சொல்லேண்டா. கீறானா இல்லியா?”

“அந்தத் துணி என் தலைக்கு ஆவாது பெரிப்பா,” என்றான் கிருஷ்ணப்பன். “எனுக்கு யோக்கியத இல்ல.”

உருமாலைத் தட்டிலேயே விட்டுவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட மணலில் நடந்துபோனான். கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தான்.

“போ, போயி இஸ்துகினு வா,” என்று யாரோ கன்னியம்மாவின் முதுகில் கை வைத்தார்கள். அவள் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

படகின் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எத்தினி புள்ள உனுக்கு அங்க?” என்றாள்.

“இன்னா?”

“பர்மாக்காரிக்கு எத்தினி புள்ளன்னு கேக்குறேன்.”

“அட போடி.” சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் உடைந்தது. “பொம்பள சமாச்சாரமா இருந்தா கால்ல வுயுந்துட்டு அன்னிக்கே சொல்லிருப்பனே.”

“அப்ப இன்னா எயவு இது?”

அவன் மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டான்.

“தியாகு பூட்டான்னு சேதி வரசொல்ல, அவன மண்ணுல வெச்சு ஒரு மாசம் ஆய்ட்ச்சு. கப்பல் ஏறி வந்து யார் மூஞ்சிய பாக்குறது? அயுவ வர்ல கன்னிம்மா. மெய்யாலும் வர்ல. நெஞ்சு கட்ட மாரி ஆய்ட்ச்சு. மரம் அறுக்குற எடத்துல பர்மாக்காரன் ஒருத்தன், தோஸ்து. இத்தக் குத்திகினா எந்த நோவயும் தாங்கிக்கலாம்னான். படுத்துகினேன். வலி தெரியாம கீறதுக்கு அபினி குட்த்தாங்க. வோணான்னுட்டேன். வலிக்கட்டும்னுதானே படுத்துகினதே.”

“அப்பால?”

“ஊசி எறங்கசொல்லதான் அயுவ வந்திச்சு. அவன் குத்திகினே கீறான், நான் தியாகு தியாகுன்னு கத்திகினே கீறேன். வலிக்கு கத்துறேன்னு நெனச்சுகினான் போல.”

வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினான். புலிகளுக்கும் பூனைகளுக்கும் கீழே, எந்த வட்டத்துக்குள்ளும் அடங்காமல், சின்னதாய் ஒரு நண்டு.

“இது அவங்க வயக்கத்துல கெடயாது. நான் கேட்டு போட்டுகினது. ஈர மண்ணுல நண்டத் தொரத்திகினே ஓடுவானே நம்ம புள்ள.”

கன்னியம்மா அந்த நண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மனுஷனைக் கல் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! அவன் சாப்பிடும்போதெல்லாம், பெற்ற பிள்ளையை முழுங்கிவிட்டு இவனுக்குச் சோறு எப்படி இறங்குகிறது என்று பார்த்திருக்கிறாள். விரல் தானாக நீண்டு நண்டின் முதுகைத் தொட்டது.

“இத்த ஏன்யா என்னாண்ட மறச்ச? இதுல இன்னா தப்பு கீது?”

கேட்டிருக்க வேண்டாம். அவன் அவள் விரலை மெல்ல எடுத்து அப்புறப்படுத்தினான்.

“தொடாத,” என்றான். “வரதன் மோல்மீன் போவல.”

அலை ஒன்று வந்து போயிற்று.

“வெட்டு நடந்த அன்னிக்கு நானும் அவனும் சந்து வயியா வந்துகினு இருந்தோம். எனுக்குத் தெரிஞ்ச ஒரு பர்மாக்கார அம்மா வூடு கீது, அங்க போயி ஒளிஞ்சிக்கலாம்னு. ரெண்டு பேரும் அவங்க லுங்கி, அவங்க தலத்துணி. ஒண்ணா போனா சந்தேகம் வரும், நான் முன்னால போறேன், நீ தள்ளி வான்னேன். சந்து மொனையில ஒரு கும்பல். கையில கத்தி. நான் அவங்க பாஷையில பேசினேன். நம்பல. தொடையில பச்ச கீறவன்தான் அவங்க ஆளாம், லுங்கியத் தூக்கிக் காட்டுன்னாங்க.”

கன்னியம்மாவின் கண் அவன் தொடைக்குப் போயிற்று.

“காட்ன.”

“காட்னேன். போன்னு உட்டுட்டாங்க.”

“அவன்?”

“அவனயும் குத்திக்கச் சொன்னேன்டி, முன்னாடியே. சும்மா, வெளயாட்டுக்கு. ‘அக்கா என்ன கொன்னே பூடும் மாமு’ன்னு சிரிச்சான்.”

“யோவ், அவன் இன்னா ஆனான்?”

“மாமுன்னு கூப்ட்டான். ஒரே ஒரு வாட்டி.”

“நீ திரும்பல.”

அவன் மறுபடியும் மணலை அள்ளினான்.

“திரும்பலியா?”

“திரும்பி இருந்தா நானும்...”

“அது தெரியுது எனுக்கு. நீ திரும்புனியா, இல்லியா?”

“திரும்பல. நடந்தேன். நெஞ்சு ஓடுன்னுது, ஓடுனா கண்டுபுட்ச்சிடுவாங்கன்னு நடந்தே பூட்டேன்.”

கன்னியம்மா எழுந்து நின்றாள். எதற்கு என்று தெரியாமல் படகின் பலகையை உள்ளங்கையால் ஒரு தரம் அறைந்தாள். திரும்பியிருந்தால் இரண்டு பிணம் என்று அவளுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியும் என்ன? தம்பியின் குரல் அவளுக்குத் தெரியும். பசித்தாலும் பயந்தாலும் ஒரே மாதிரி நீட்டிக் கூப்பிடுகிற குரல். அதை இப்போது இந்தக் கரையில் நின்றுகொண்டு கேட்டாள்.

“செத்தத நீ பாத்தியா?”

“இல்ல. அந்த அம்மா ஒளிச்சு வெச்சுச்சு. அவங்க சனம்தான் கத்தி எட்த்துச்சு, அவங்க சனம்தான் சோறும் போட்டுச்சு. கும்பல் அடங்கினப்பறம் அந்தச் சந்துக்குப் போனேன். ஆஸ்பத்திரி, ஆத்தங்கர, எல்லாம் தேடுனேன். ஆளும் இல்ல, பொணமும் இல்ல. நம்ம ஆளுங்க கொஞ்சம் பேரு மோல்மீன் பக்கம் ஓடித் தப்பிச்சாங்கன்னு ஒருத்தன் சொன்னான். அத்தப் புட்ச்சிகினுதான் இங்க வந்து சொன்னேன்.”

“அத்தச் சொல்லித்தான் வேம்பு வாயக் கட்டி வெச்சியா?”

“சுண்ணாம்பு வெச்சு தேச்சுப் பாத்தேன் கன்னிம்மா. புண்ணாச்சு. ஆறுனதும் அதே புலி, அதே பூன.” அவன் தொடையில் அறைந்துகொண்டான். “புள்ளைக்கோசரம் குத்திகினது. அது இன்னாத்துக்கு என்னக் காப்பாத்தணும்?”

அவனைத் திட்ட அவளுக்கு வார்த்தை நிறைய இருந்தது. ஒவ்வொன்றும் நாக்கு வரை வந்து, ‘நீதானே அனுப்பின’ என்று அவளையே திரும்பிப் பார்த்தது.

“எய்ந்திரு,” என்றாள் கடைசியில். “வூட்டுக்கு வா.”

“ஊரு பாக்குது.”

“பாக்கட்டும். இனிமே அதுல மறைக்க இன்னா கீது?”

இருவரும் குப்பத்தின் நடுவே நடந்து வந்தார்கள். நாய் ஒன்று குரைத்துவிட்டு ஓய்ந்தது. யாரும் கேலி பேசவில்லை.

வேம்பு வாசலிலேயே நின்றிருந்தாள். கை முழுக்க உளுந்து மாவு. முகம் பூரித்துக் கிடந்தது.

“பிலோமி வந்து சொல்ட்டு போச்சு அண்ணா! பச்ச குத்திகினு கீறியாமே. குத்திகினா இன்னா, ஒலகத்துல இல்லாததா? அத்த உடு. உருமா கட்ட வந்த கைய புட்ச்சி வோணான்னுட்டியாமே!”

கிருஷ்ணப்பன் படியில் வைத்த காலை எடுக்கவில்லை.

“பெரிசுங்க கோச்சிகினா கோச்சிக்கட்டும். எனுக்கு வயிறு குளுந்துபோச்சு. காலம்பற அண்ணியாண்ட அதான் சொன்னேன், இவுரு கீறசொல்ல இன்னொருத்தர் இன்னாத்துக்குக் கட்றதுன்னு. உனுக்காவது தோணிச்சே!”

“வேம்பு,” என்றாள் கன்னியம்மா.

“இரு அண்ணி, ஈரத்தோட நிக்குதே அண்ணன்.” கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது மார்போடு ஒரு வேட்டியை அணைத்துக்கொண்டு வந்தாள். கற்பூர வாசனை அடித்தது. “அவுரோடது. கப்பலுக்குப் போன அன்னிக்கு அவுத்துப் போட்டது. துவைச்சு வெச்சிருந்தேன். இத்தக் கட்டிக்க அண்ணா. என் வேட்டிய ஏன் குட்த்தேன்னு வந்து கேட்டார்னா, நான் சொல்லிக்கிறேன்.”

நீட்டினாள்.

கிருஷ்ணப்பனின் கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். கரையில் பார்த்தானே, அதே பார்வை. அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. வாங்கிக் கட்டிக்கொள் என்று ஒரு கண் சாடை காட்டினால் போதும். இன்னும் ஒரு வருஷம் வேம்பு பூ வைத்துக்கொள்வாள். ஒருவேளை, எங்கேயோ இருந்து அவன் வந்தே நிற்கலாம். யார் கண்டது?

மூலையிலிருந்து கெங்கம்மா, நெற்றி வெறிச்சோடிய முகத்தோடு, மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மா இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அத்தக் கட்டாதய்யா,” என்றாள். “மொதல்ல சொல்லு.”

நீட்டிய வேட்டி நீட்டியபடியே இருந்தது.

“இன்னா அண்ணா சொல்லணும்?” என்று கேட்டாள் வேம்பு. அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.